பாப்பாவுக்குப் பதினாலு சால்வை வந்துருச்சுங்க, இனி யாரைப் போய்ப் பாக்கறது?

தறிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்களுக்கு குமாரபாளையம் பக்கத்துல ஒரு ஊராட்சி. விசைத்தறியில ஷிப்ட் வேலை. எழுத்துல பிழை இருந்தா பொறுத்துக்கோங்க, தறி ஓடற சத்தத்துல உக்காந்துக்கிட்டுத்தான் போன்ல தட்டறேன்.

என்ற புள்ள அரசுப் பள்ளிக்கூடத்துல எட்டாவது படிக்குது. நீளம் தாண்டுதல். குறுவட்டத்துல முதல், மாவட்டத்துல முதல். குடியரசு தின விளையாட்டுப் போட்டி, மாநில அளவு, 14 வயசுக்குட்பட்டதுல மூணாவது. 4 மீட்டர் 87. இந்த நம்பர் இப்ப எங்க வீட்ல எல்லாத்துக்கும் மனப்பாடம். எங்கம்மாவுக்கு மீட்டருன்னா துணிதான். "அஞ்சுக்கே கம்மியா, ஒரு சேலைக்குப் பத்தாதே கண்ணு"ங்குது.

திரும்பி வந்தன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல மேளம் வச்சிருந்தாங்க. பிளக்ஸ் மூணு. பெரிய பிளக்ஸுல மேல அஞ்சு பேரு கும்பிட்டுக்கிட்டு நிக்கறாங்க, அதுல ரெண்டு பேரு யாருன்னே எனக்குத் தெரியல. பாப்பா கீழ மூலையில இருக்குது. சால்வை மட்டும் பதினாலு, எண்ணினது பாப்பாதான். கேடயம் ஆறு, அதுல ஒண்ணுல "குண்டு எறிதல்"னு போட்டிருக்குது. ஒரு சங்கத்துக்காரங்க கதவு அளவுக்கு அட்டையில செக் அடிச்சு ஐயாயிரம்னு எழுதிக் கொடுத்தாங்க. அட்டை இருக்குது, காசு இன்னும் வரல. போய்க் கேக்கவும் கூச்சமா இருக்குது.

சந்தோசம் இல்லாம இல்லீங்க. கல்யாணப் பத்திரிகையைத் தவிர எங்க வீட்டு ஆளுக பேரு எதுலயும் அச்சடிச்சு வந்ததில்ல. எங்கய்யன் இருந்திருந்தா அந்த பிளக்ஸுக்குக் கீழயே கட்டிலப் போட்டுப் படுத்திருப்பாரு.

ஆனா ஒரு விசயம் சொல்றேன். மாநிலப் போட்டிக்கு என்ற புள்ள போட்டுப் போன ஸ்பைக்ஸ், அதாவது அடியில ஆணி வச்ச ஷூ, இரவல். வேற பள்ளிக்கூடத்துப் புள்ளயோடது, ஒரு சைஸ் பெருசு. தறியில விழற வேஸ்ட் நூலைச் சுருட்டி முன்னாடி வச்சுக்கிட்டுத்தான் தாண்டுச்சு. பள்ளிக்கூடத்து மணல் குழி ஒரு மழை பேஞ்சா மண்ரோடு மாதிரி இறுகிக்கும். நானும் பி.டி. சாரும் மம்பட்டி எடுத்துக் கொத்தி விடுவோம்.

மேடையில பேசின அத்தனை பேரும் "அரசு எல்லா உதவியும் செய்யும்"னாங்க. எங்கே, யாருகிட்ட, என்னன்னு கேக்கோணும்னு ஒருத்தரும் சொல்லல. விளையாட்டு விடுதியில சேத்துங்கன்னு பி.டி. சாரு சொல்றாரு. வீட்டுக்காரி முடியவே முடியாதுங்கறா. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

—

கரிசல்காட்டான்:

தங்கச்சிக்கு வாழ்த்துகள் அண்ணாச்சி. அட்டைச் செக்கைத் தூரப் போட்டுராதீய. மழைக்கு சன்னல்ல சாத்தி வைக்கலாம், அதுக்காவது ஆகும்.

—

பழைய_பெஞ்சு:

சொல்றேன்னு கோபப்படாதீங்க. இந்த நாட்டுல ஜெயிச்சவனுக்குத்தான் எல்லாம். குகேஷ் 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல செஸ் உலக சாம்பியன் ஆனதும் 5 கோடி ரூபாய், கலைவாணர் அரங்கத்துல பாராட்டு விழா. கொடுக்க வேண்டியதுதான், மறுக்கல. ஆனா அவர் அப்பா டாக்டர், அம்மாவும் டாக்டர். உங்க மாதிரி ஆளு பிள்ளை ஸ்பைக்ஸ் இல்லாம நிக்கும்போது எவனும் வரமாட்டான். தங்கம் வாங்கிட்டு வரட்டும், அப்ப ஏர்போர்ட்ல மாலையோட முந்திக்கிட்டு நிப்பான். பிள்ளையைப் படிக்க வைங்க.

—

குதிரைநகர்வு:

பெஞ்சு சார், பாதி சரி. குகேஷ் கதையில நீங்க விட்ட பாதியையும் சொல்லிடறேன். நானும் அஞ்சு வருஷமா பையனைக் கூட்டிக்கிட்டு டோர்னமென்ட் டோர்னமென்ட்டா அலையறவன். பையன் ஆடுவான், நான் வெளியில நாற்காலியில உக்காந்து மத்த அப்பாக்களோட ரேட்டிங் பேசுவேன்.

2023 கடைசியில குகேஷ் கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெறுவாரான்னு ஊசலாட்டம். உலக சாம்பியனோட மோதப் போறது யாருன்னு முடிவு பண்ற போட்டி அது, 2024-ல டொரொண்டோவுல நடந்துச்சு. ஃபிடே சர்க்யூட் புள்ளி (வருஷம் பூரா ஆடற போட்டிகளுக்குக் கிடைக்கறது) கொஞ்சம் வேணும், வருஷம் முடியப் போகுது, கையில பெரிய போட்டி எதுவும் இல்ல. அந்த டிசம்பர்ல தமிழ்நாடு அரசு அவசர அவசரமா சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ்னு ஒரு போட்டியை நடத்துச்சு. 50 லட்சம் பரிசுத் தொகை, எட்டு பேர், ஏழு சுற்று. மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிஞ்சு ரெண்டு வாரம்கூட ஆகல. குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் 4.5 புள்ளியோட சமமா நின்னு, டைபிரேக்ல குகேஷ் ஜெயிச்சாரு. அந்தப் புள்ளிகள் இல்லேன்னா டொரொண்டோ கிடையாது, டொரொண்டோ இல்லேன்னா சிங்கப்பூர் கிடையாது. 5 கோடி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அந்த ஒரு வாரப் போட்டியைப் பத்தி செஸ் வீட்டுக்காரங்களைத் தவிர யாரும் பேசறதில்ல. என்னைக் கேட்டா அந்த ஒரு வாரம்தான் பெரிய உதவி.

அவர் அம்மா டாக்டர்னா ஊசி போடறவங்க இல்ல, நுண்ணுயிரியல். அப்பா காது மூக்கு தொண்டை நிபுணர், பையனோட ஊர் ஊராப் போறதுக்காக வேலையையே நிறுத்தினவர். அந்த வசதி இருந்ததுன்னு நீங்க சொல்றது நியாயம். தறி ஓட்டறவரால ஒரு ஷிப்டை நிறுத்தறதே கஷ்டம்.

—

ஓ.எம்.ஆர்._ஓரம்:

நான் கண்ணகி நகர்ண்ணா. விழாவே வேஸ்ட்டுன்ற மாதிரி பேசாதீங்க, அதுக்குத்தான் வந்தேன். 2000-லேருந்து மெட்ராஸ் பூரா இருந்த குடிசைங்களத் தூக்கியாந்து இங்க வச்சாங்க. இண்டர்வியூல அட்ரஸ் சொன்னா மூஞ்சி மாறும். ராத்திரி ஆட்டோ வராது, சாப்பாடு ஆர்டர் பண்ணா மெயின் ரோட்டுக்கு வந்து வாங்கிக்கோன்னுவான். நானு ரொம்ப நாளு துரைப்பாக்கம்னுதான் சொல்லிட்டிருந்தேன்.

2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் விளையாட்டு. எங்க ஏரியா கார்த்திகா கபடி டீம்ல துணை கேப்டன். ஃபைனல்ல ஈரானை 75-21-னு அடிச்சாங்க. பசங்க டீம்ல வடுவூர் அபினேஷ். ரெண்டு பேருக்கும் தலா 25 லட்சம் கொடுத்தாங்க. ஏரியா பூரா பட்டாசு, எங்க ஆயா ஆடுச்சு. இப்ப அட்ரஸ் சொன்னா "கார்த்திகா ஊரா?"ன்றாங்க. சாயங்காலம் போய்ப் பாரு, கோடு போட்டு கபடி ஆடாத சந்தே இல்ல. அதுக்கு ஒரு பிளக்ஸ் போதும்னா போட்டுட்டுப் போகட்டுமே.

—

மணல்குழி_டீச்சர்:

அண்ணா, ரெண்டு நாளா இதைப் படிச்சுப் படிச்சு மூடி வச்சேன். இன்னைக்கு எங்க பள்ளிக்கூடத்துல விளையாட்டு பீரியடை கணக்கு சார் வாங்கிக்கிட்டார், அதனால நேரம் கிடைச்சுது. நான் மன்னார்குடி பக்கம். இப்ப உடற்கல்வி ஆசிரியை. 2007-லேருந்து 2012 வரைக்கும் விளையாட்டு விடுதியில இருந்த பொண்ணு. மும்முறை தாண்டுதல். நீளமா எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஸ்பைக்ஸ். அதுக்காக எந்த ஆபீஸுக்கும் அலையாதீங்க. அலையற பஸ் காசுக்கும் விடுற ஷிப்டுக்கும் அதைவிட ஆகிடும். அட்டைச் செக் கொடுத்த சங்கத்துக்கு நீங்க போக வேணாம், பி.டி. சாரை அனுப்புங்க. "ஐயாயிரத்துக்குப் பதிலா பிள்ளை கால் அளவுக்கு ஒரு தாண்டுற ஸ்பைக்ஸ், ஒரு ஓடுற ஷூ வாங்கித் தாங்க, பிள்ளையை மேடையில கொண்டாந்து நிறுத்தறோம்"னு கேக்கச் சொல்லுங்க. காசா கேட்டா இழுப்பாங்க. பொருளா கேட்டா போட்டோ கிடைக்கும்ல, ஓடி வருவாங்க. பத்து வருஷமா நான் இப்படித்தான் வாங்கறேன், வெக்கப்பட்டா நம்ம பிள்ளைங்களுக்கு எதுவும் கிடைக்காது.

அடுத்தது, எங்க போறதுன்னு கேட்டீங்கல்ல. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்னு ஒண்ணு 1992-லேருந்து இருக்கு. மாவட்டத்துக்கு ஒரு விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர் இருப்பார். அவரைப் பார்க்கணும். உங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆத்தைத் தாண்டினா பவானி, கொஞ்சம் போனா ஈரோடு, அங்க வ.உ.சி. பூங்கா மைதானம் இருக்கு. பயிற்சிக்கு அதுதான் பக்கம். ஆனா மாவட்டம் நாமக்கல், அதனால கையெழுத்தெல்லாம் நாமக்கல்தான். ஒரு தடவை நாமக்கல் போய்ப் பெயரைப் பதிஞ்சுட்டு, ஈரோட்டு பயிற்றுநர்கிட்ட சனி ஞாயிறு கூட்டிட்டுப் போக முடியுமான்னு பாருங்க. பக்கத்து மாவட்டப் பிள்ளைன்னு நல்ல கோச் யாரும் விரட்டமாட்டாங்க. 13 வயசுல 4.87 தாண்டுற பிள்ளையை எவனாவது விடுவானா?

மேடையில சொன்ன "எல்லா உதவியும்" இதுதான், நான் பிரிச்சுச் சொல்றேன். எலைட்னு ஒரு திட்டம், ஒலிம்பிக் அளவுல இருக்கிறவங்களுக்கு, வருஷத்துக்கு 30 லட்சம் வரைக்கும். அதுக்குக் கீழ சர்வதேசப் பதக்க இலக்குத் திட்டம், 12 லட்சம் வரைக்கும். அதுக்கும் கீழ வளர்ந்து வர்ற பிள்ளைங்களுக்கு சாம்பியன்ஸ் மேம்பாட்டுத் திட்டம், 4 லட்சம் வரைக்கும். உங்க பொண்ணு இப்போதைக்கு இந்த மூணுலயும் வரமாட்டா. தேசிய அளவுல ஒரு இடம் பிடிச்சா மூணாவதுக்குக் கேக்கலாம். 2023 மே மாசம் தொடங்கின தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை தனி. வெளி மாநிலம், வெளி நாடு போட்டிக்குப் போற செலவு, உபகரணம், இதுக்கெல்லாம் ஆன்லைன்ல விண்ணப்பிக்கலாம். கேரம் காசிமா 2024-ல அமெரிக்கா போறதுக்கு முன்னாடியே பயணத்துக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தாங்க. மூணு தங்கத்தோட வந்தப்புறம் 1 கோடி. அந்தக் கோடியைத்தான் டிவியில காட்டினாங்க, ஒன்றரை லட்சத்தை யார் பார்த்தா? ஆட்டோ ஓட்டறவர் பொண்ணுக்கு அது இல்லாம விமானமே ஏறியிருக்க முடியாது.

முதலமைச்சர் கோப்பைக்குக் கட்டாயம் பெயர் கொடுங்க. தனிநபர்ல மாநில அளவு முதல் பரிசு ஒரு லட்சம். ஆனா ஒண்ணு, பள்ளிப் பிரிவுன்னா 12 வயசுலேருந்து 19 வரைக்கும் ஒரே கூட்டம். உங்க பிள்ளை பிளஸ் டூ அக்காங்களோட தாண்டணும். மாவட்டத்துலயே தோத்துட்டு அழுதா "அதுக்கு உன்னைவிட அஞ்சு வயசு கூட பாப்பா"ன்னு சொல்லி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்க.

ஊராட்சி அலுவலகத்துலயும் ஒரு வார்த்தை கேளுங்க. 2024-ல கலைஞர் ஸ்போர்ட்ஸ் கிட்னு 12,525 ஊராட்சிக்கும் 33 வகை சாமான் வச்ச பெட்டி கொடுக்கத் தொடங்கினாங்க. தாண்டுறதுக்குப் பெருசா உதவாது. ஆனா பெட்டியைத் திறந்தா ஊர்ல மத்த பிள்ளைங்களும் கிரவுண்டுக்கு வரும், உங்க பொண்ணு தனியா ஓட வேண்டியதில்ல. சில ஊர்ல அந்தப் பெட்டி மேல இப்ப நாற்காலி அடுக்கியிருக்கு.

இனி சர்டிபிகேட். அண்ணா, இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க. நான் 2011-ல தேசியப் பள்ளி விளையாட்டுக்குத் தமிழ்நாட்டுக்காகப் போனேன். மெடல் இல்ல, ஆறாவது. மெடல் இல்லேன்னாலும் மாநிலத்துக்காக ஆடினதுக்கு ஒரு படிவம் உண்டு. பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4-னு சொல்வாங்க. விளையாட்டு இட ஒதுக்கீட்டுல எதைக் கேட்டாலும், இன்ஜினியரிங்ல விளையாட்டு வீரர்களுக்குன்னு இருக்கிற 500 சீட்டோ, அரசு வேலையில இருக்கிற 3 சதவீதமோ, முதல்ல இந்த மாதிரி படிவத்தைத்தான் கேப்பாங்க. எனக்கு அப்ப பதினேழு வயசு, என்ன தெரியும்? ஜெர்சி அழகா இருந்துச்சு, அதை வாங்கிட்டு ஊருக்கு வந்துட்டேன். நாலு வருஷம் கழிச்சுப் போய் நின்னா "அந்த வருஷப் பதிவேடு இங்க இல்லம்மா". ரெண்டு வருஷம் அலைஞ்சேன். எந்த ஆபீஸ்னு சொல்லல, இப்ப அங்க இருக்கிறவங்க மேல தப்பில்ல. என்னோட ரூம்ல இருந்த ரிலே பொண்ணு அன்னைக்கே கையெழுத்து வாங்கி ஃபைல்ல வச்சா. அவ நிரந்தர வேலையில இருக்கா. நான் இன்னும் தொகுப்பூதியம்.

அதனால குறுவட்டத்துலேருந்து ஒவ்வொரு சர்டிபிகேட்டும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி சரியா இருக்கான்னு அந்த மைதானத்துலயே பார்த்துருங்க. ஆதார்ல ஒரு இனிஷியல், பள்ளிக்கூடத்துல ஒரு இனிஷியல்னு இருந்தா இப்பவே மாத்துங்க. லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க. பின்பக்கம் சீல் வைக்கச் சொன்னா முடியாது. பிளாஸ்டிக் உறை ஃபைல் போதும். "குண்டு எறிதல்" கேடயம் பரவாயில்ல, கேடயத்தை எவனும் கேக்கமாட்டான். சர்டிபிகேட்ல அப்படி இருந்தா விடாதீங்க.

விடுதிக்கு வரேன். எனக்கே இதுல ரெண்டு மனசு.

7, 8, 9, அப்புறம் 11-ம் வகுப்புல சேர எடுப்பாங்க. ஏப்ரல், மே வாக்குல அறிவிப்பு வரும், ஆன்லைன்ல விண்ணப்பம், அப்புறம் தேர்வு. உங்க பொண்ணு வர்ற வருஷம் 9-க்குப் போகலாம். தங்க, சாப்பிட, உடை, பயிற்சி எதுக்கும் காசில்ல. பக்கத்துப் பள்ளிக்கூடத்துல படிப்பு. பெண்களுக்கு ஈரோட்டுலயே விடுதி இருக்கு. ஆனா அங்கதான் கிடைக்கும்னு நம்பிடாதீங்க. விளையாட்டையும் காலி இடத்தையும் பார்த்து எங்கேயும் போடலாம்.

நான் போனப்ப காலையில அஞ்சு மணிக்கு விசில். அந்தச் சத்தம் இப்பவும் கனவுல வருது, எழுந்து உக்காந்துடுவேன், வீட்டுக்காரர் சிரிப்பார். ஓடிட்டு வந்தா ஊறவச்ச கொண்டைக்கடலை, பால், முட்டை. எங்க வீட்ல முட்டைன்னா அப்பாவுக்கும் தம்பிக்கும்தான், எனக்கும் அம்மாவுக்கும் குழம்பு. அதனால முதல் வாரம் அந்த முட்டையை நான் சாப்பிடாம கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன், யாராவது வந்து கேப்பாங்கன்னு. யாரும் கேக்கல. ஆறே மாசத்துல நாலு செ.மீ. வளர்ந்தேன். தாண்டுற தூரம் கூடினதுக்குப் பயிற்சி பாதி, அந்த முட்டை பாதின்னு எங்க கோச் சொல்வார்.

அழுகை இருந்துச்சு. ஒத்தை ரூபாய் போன்ல அம்மாகிட்ட பேசுறதுக்கு ஞாயித்துக்கிழமை வரிசை. பக்கத்துல இருக்கிறவ அழுதா நமக்கும் அழுகை வரும். மாசம் ஒண்ணு போச்சு, சரியாயிடுச்சு.

சரியாகாத விஷயம் வேற. விடுதியில தொடர்ந்து இருக்கணும்னா வருஷா வருஷம் முன்னேற்றம் காட்டணும். பதினொண்ணாவதுல எனக்கு முழங்கால்ல வலி. சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயந்து சொல்லல. வார்டன் அக்காவுக்குத் தெரியாம தைலம் தேய்ச்சுக்கிட்டுத் தாண்டினேன். பிளஸ் டூ ஆகஸ்ட்ல ஒரு காலை மழை பேஞ்ச குழியில இறங்கினேன், நீங்க சொன்ன மாதிரி மண்ரோடாட்டம் இருந்துச்சு. தசைநார் போயிடுச்சு. அதோட என் தாண்டல் முடிஞ்சுது. யாரும் என்னைத் தாண்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தல. நானா மறைச்சேன்.

எனக்கு விடுதியால கெட்டதுன்னு நினைக்கல. அது இல்லேன்னா எனக்குப் பதினெட்டுல கல்யாணம். ஆனா உங்க பொண்ணை அனுப்புனா "வலிச்சா சொல்லு, திரும்பி வந்தாலும் நம்ம வீடுதான்"னு நீங்களே உங்க வாயால சொல்லி அனுப்புங்க. எங்க அப்பா சொன்னது "பேரைக் காப்பாத்து".

பெஞ்சு சார், படிக்க வைங்கன்னு சொன்னீங்க. விளையாடற பிள்ளை படிக்காதுன்னு யார் சொன்னது? கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுல 400 மீட்டர் தடை ஓட்டத்துல 55.42 ஓடினாங்க. 1984-லேருந்து பி.டி. உஷா வச்சிருந்த அதே நேரம், நூறுல ஒரு நொடிகூட மாறல. டிரைவர் வீட்டுப் பொண்ணு. 39 வருஷம் கழிச்சு ஒருத்தி வந்து அந்த நம்பர்ல நிக்கறதுக்கு, நடுவுல எத்தனை பிள்ளைங்க எத்தனை மைதானத்துல ஓடி, பேர் தெரியாமப் போயிருக்கும்னு நினைப்பேன். அதுல நானும் ஒருத்தி. அதுக்காகக் கெட்டுப் போயிடல.

—

பழைய_பெஞ்சு:

டீச்சர், நான் ஒண்ணும் சொல்லல. என் பையனோட சர்டிபிகேட் எல்லாத்தையும் லேமினேட் பண்ணி வச்சிருக்கேன், அதை எடுக்கறதுக்கு வழி இருக்கா?

—

மணல்குழி_டீச்சர்:

அயர்ன் பாக்ஸ் வச்செல்லாம் முயற்சி பண்ணாதீங்க சார், கருகிடும். அப்படியே விடுங்க. கொடுத்த இடத்துல இன்னொரு பிரதி கேட்டுப் பாருங்க.

—

தறிக்காரன்:

டீச்சரம்மா, நீங்க எழுதினதை வீட்டுக்காரிக்குப் படிச்சுக் காட்டினேனுங்க. முட்டை வர்ற இடத்துல எந்திரிச்சு உள்ள போயிட்டா. அடுப்படியில பாத்திரம் உருட்டற சத்தம் கேட்டுச்சு. எங்க வீட்லயும் அந்தக் கணக்குத்தான். நான் கவனிச்சதில்ல. ஷிப்ட் முடிஞ்சு வர்றவனுக்குன்னு எடுத்து வச்சிருப்பா, நானும் தின்னுட்டுப் படுத்துக்குவேன்.

ஒரு சந்தேகமுங்க. தேர்வுக்கு நாங்களும் கூட வரலாமுங்களா? அவ கேக்கறா.

—

மணல்குழி_டீச்சர்:

தாராளமா வாங்கண்ணா. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க. மைதானத்துக்குள்ள விடமாட்டாங்க, வேலி ஓரமா நிக்கலாம். தொப்பி, தண்ணி, எலுமிச்சம்பழம். பொண்ணு ஓடிவரும்போது பேர் சொல்லிக் கத்தாதீங்க, அடி தப்பிடும். இறங்கினப்புறம் கத்துங்க.

—

தறிக்காரன் (பத்து நாள் கழிச்சு):

எல்லாருக்கும் ஒரு சேதி சொல்லிப்போடறேனுங்க. போன செவ்வாக்கிழமை ஒரு ஷிப்டை விட்டுட்டு நாமக்கல் போனேன். அலுவலர் மதியம்தான் வந்தாரு, ஆனா உக்கார வச்சுப் பேசினாரு. சர்டிபிகேட் மூணையும் பார்த்துட்டு மாவட்ட சர்டிபிகேட்டுல இனிஷியல் மாறியிருக்குதுன்னு காட்டினாரு. டீச்சரம்மா சொல்லலைன்னா எனக்கு இனிஷியலாவது ஒண்ணாவது. பி.டி. சாரு அதை மாத்தறதுக்கு எழுதிக் கொடுத்திருக்காரு. விடுதி அறிவிப்பு வந்ததும் வாட்ஸ்அப்புல அனுப்பறேன்னு நம்பர் வாங்கிக்கிட்டாங்க.

சங்கத்துக்காரங்ககிட்ட சாரு போய்க் கேட்டாரு. அவர் கேட்ட விதம் எனக்குத் தெரியாது, ரெண்டு நாள்ல ஷூ ரெண்டு ஜோடி வந்துருச்சு. அதுக்கும் ஒரு சால்வை போட்டாங்க. பதினஞ்சு.

வீட்டுக்காரி இன்னும் சரின்னு சொல்லல. ஆனா நேத்து பவானி போனவ தகரப் பெட்டி என்ன விலைன்னு கேட்டுட்டு வந்திருக்கா. முட்டை இப்ப நாலா வேகுது.

அப்புறம் மணல் குழி. நானும் சாரும் ஞாயித்துக்கிழமை முழுசா கொத்திப்போட்டு, ஆத்து மணல் கிடைக்காம எம்.சாண்ட் போடலாமான்னு பேசி, அது தோலைச் சீவிரும்னு விட்டுட்டு, பழைய மணலையே சலிச்சுப் போட்டோம். மழை வந்தா மூடறதுக்குத் தார்ப்பாய் விலை கேட்டா மயக்கம் வருது. அப்பத்தான் பாப்பா சொல்லுச்சு, பஸ் ஸ்டாண்டுல அந்தப் பெரிய பிளக்ஸு ஒரு பக்கம் கிழிஞ்சு தொங்குதேன்னு. போட்டவங்ககிட்ட கேட்டு அவிழ்த்தாந்துட்டோம். பன்னெண்டுக்கு எட்டு, குழிக்கு அளவெடுத்த மாதிரி இருக்குது. நாலு மூலைக்கும் தறிக்கல்லு வச்சிருக்கோம்.

படம் மேல பாக்க விரிச்சேன். பாப்பா ஒத்துக்கல, திருப்பிப் போடச் சொல்லிருச்சு. கும்பிட்டுக்கிட்டு நிக்கறவங்க அஞ்சு பேரும் இப்ப மணலைப் பார்த்துப் படுத்திருக்காங்க.